தேவாலய வாசலில் அம்மாவின் செருப்பு

லண்டனில் பயப்பட ஒன்றுமில்லை என்று அம்மாவுக்குக் காட்டுவதற்காகத்தான் அன்றைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்க வெளிக்கிட்டேன். நல்ல வேடிக்கை. அந்த ஊரில் என்னைவிடப் பயந்த சீவன் வேறு இருந்திருக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் முதல் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கே விசாவுக்காகக் கிடந்து அலைந்து, ஆறு மாதத்துக்கு லண்டன் வந்திருந்தார். மகள் பிறந்து, சரக்குத்தூள் போட்ட பத்தியக்கறிக் காலமெல்லாம் முடிந்து, குழந்தை ஆளைக் கண்டால் சிரிக்கப் பழகிவிட்டாள். விசா முடியப்போகிறது. அம்மாவைத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை. அங்கே வானத்திலிருந்து குண்டு விழுகிறது. கரண்ட் இல்லை, மருந்து இல்லை. இங்கேயே இருக்கக் கேட்டு எழுதிப்போடலாம் என்று சொலிசிட்டர் சொல்லியிருந்தார். அம்மா ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

அம்மா சொல்லவில்லை. எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்.

“தம்பி வந்து கதவைத் தட்டினா ஆர் திறக்கிறது?”

அவர் சொன்னது என் தம்பியை. ஆமி அவனைப் பிடித்துக்கொண்டு போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கே வைத்திருக்கிறார்கள், வைத்துத்தான் இருக்கிறார்களா என்று ஒருவருக்கும் தெரியாது. அப்போது ரெலிபோனில் “கொண்டுபோயிட்டாங்கள் பிள்ளை” என்று மட்டும் அம்மா சொன்னார். எப்படி நடந்தது என்று நான் கேட்கவில்லை. இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

“இஞ்ச பயமில்லாமல் இருக்கலாம் அம்மா,” என்பேன்.

“பயமில்லையோ? அப்ப நீ ஏன் கதவுக்கு இத்தனை பூட்டுப் போட்டு வைச்சிருக்கிறாய்?” என்பார்.

அவர் சொன்னது சரிதான். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே எங்கள் ஃபிளாட். கதவு தட்டுப்பட்டால் நான் முதலில் மூச்சை நிற்பாட்டுவேன், பிறகுதான் யார் என்று கேட்பேன். தெருவில் பொலிஸ்காரனைக் கண்டால் மற்றப் பக்கம் மாறி நடப்பேன். எங்கள் விசா ஒழுங்காகத்தான் இருந்தது. இருந்தும் மாறுவேன். அது கால்களாகவே செய்கிற வேலை. போதாததற்கு அந்த நாட்களில் லண்டனிலும் குண்டு வெடித்தது, அயர்லாந்துப் பிரச்சினையால். ரயில் நிலையங்களில் குப்பைத் தொட்டிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள். ஆளில்லாமல் பை கிடந்தால் அறிவியுங்கள் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டேயிருக்கும். குண்டுக்குப் பயந்து ஓடிவந்தவளுக்கு வாய்த்த ஊரைப் பாருங்கள்.

இதையெல்லாம் அம்மாவிடமிருந்து மறைப்பதே எனக்கு ஒரு தனி வேலையாக இருந்தது. செய்தி நேரம் வந்தால் குழந்தைக்கு நித்திரை என்று சொல்லி ரீவியை நிற்பாட்டிவிடுவேன். குழந்தை முழித்துக்கொண்டு என்னைப் பார்க்கும்.

அன்றைக்கு என் கணவருக்கு பெற்றோல் ஸ்டேஷனில் பகல் ஷிப்ட். நாங்கள் மூன்று பேரும்தான், அம்மா, நான், தள்ளுவண்டியில் குழந்தை. பிக் பென், குதிரைப்படைக்காரர் நிற்கிற இடம், பூங்கா, அதைத் தாண்டி மகாராணியின் அரண்மனை என்று மனதுக்குள் ஒரு வழி போட்டு வைத்திருந்தேன். பெரிய கட்டடங்களையும் பூக்களையும் தாராக்களையும் பார்த்தால் அம்மாவின் மனம் மாறும் என்று நினைத்தேன். வெள்ளைக்காரர் ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு புல்லில் படுத்துக் கிடப்பதைப் பார்த்தாலே போதும், இது வேறு உலகம் என்று அவருக்கு விளங்கிவிடும்.

அம்மா சேலைக்கு மேல் என் கணவரின் பழைய ஜக்கெற்றைப் போட்டிருந்தார். காலில் சொக்ஸ், சொக்ஸுக்கு மேல் செருப்பு. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையில் சொக்ஸைக் கிள்ளி இழுத்துச் செருப்பின் வாரை அதற்குள் கொழுவியிருந்தார். நான் வாங்கிக் கொடுத்த சப்பாத்து பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

“கோயில் வாசலுகளில குனிஞ்சு நிண்டு ஆர் உந்த நூலை அவிழ்க்கிறது?” என்பார்.

கையில் ஒரு நீலப் பை. ஹை ஸ்ட்ரீட் சேலைக்கடையில் கொடுத்த பை அது. அதற்குள் ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணீர், குழந்தையின் நப்பிகள், ஒரு டப்பா நிறைய மீன் கட்லட். ரின்னில் அடைத்த மீனும் உருளைக்கிழங்கும் போட்டு விடியவே எழும்பி நான் பொரித்தது. வெளியில் வாங்கிச் சாப்பிட அம்மா சம்மதிக்கமாட்டார்.

டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கினோம். ரயிலில் அம்மா ஒரு தோடம்பழம் உரித்துச் சாப்பிட்டிருந்தார். தோலைக் கைக்குள் பொத்திக்கொண்டு பிளாட்போம் முழுவதும் பார்த்தார்.

“இதை எங்க பிள்ளை போடுறது? ஒரு குப்பைத் தொட்டியையும் காணேல்லை.”

“எடுத்துப்போட்டாங்கள் அம்மா.”

“ஏன்?”

“சுத்தமா இருக்கட்டும் எண்டு.”

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“குப்பைத் தொட்டியை எடுத்துப்போட்டுச் சுத்தமோ? உன்ர வெள்ளைக்காரன் நல்ல கெட்டிக்காரன்தான்,” என்று சொல்லிவிட்டுத் தோலை ஜக்கெற் பொக்கற்றுக்குள் போட்டுக்கொண்டார். அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்கும் தெரியும். படியேறினோம்.

மேலே வந்து நிமிர்ந்தால் தலைக்கு நேரே பிக் பென். காலண்டரில் பார்த்தது கல்லாக நிற்கிறது. அம்மா வாயைத் திறந்து பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சரி, வேலை தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். பாலத்துக்குப் போய் ஆற்றைக் காட்டினேன். அம்மாவும் குழந்தையும் நிற்க ஒரு படமும் எடுத்தேன். அப்போதுதான் ஆற்றுக்கு மேலால் ஒரு ஹெலிகொப்ரர் வந்தது.

லண்டனில் அது தினமும் பறக்கிற சாமான். ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. தள்ளுவண்டியை வெடுக்கென்று இழுத்து, பாலத்தின் மதிலோடு சேர்த்து ஒட்டி நிறுத்தி, அதன் மேல் கவிழ்ந்துவிட்டார். முதுகு மட்டும் வெளியே தெரிந்தது. படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரி கமராவை இறக்கிவிட்டு எங்களைப் பார்த்தாள்.

“அம்மா, இது ஆரோ பெரிய ஆள் போற ஹெலி. இஞ்ச அதிலயிருந்து சுடமாட்டாங்கள்.”

“தெரியும், தெரியும்,” என்று நிமிர்ந்து சேலையைச் சரிசெய்தார். “பிள்ளைக்கு வெயில் படுது. அதுதான் மறைச்சனான்.”

வெயில் இருக்கவில்லை. எனக்கும் ஒரு கணம் தலை குனிந்ததை நான் அவருக்குச் சொல்லவில்லை. 

குதிரைப்படைக்காரர் நிற்கிற இடத்தில் இன்னும் மோசம். கறுத்தக் குதிரையில் பளபளக்கிற தொப்பியோடு ஒருவன் வாளைப் பிடித்துக்கொண்டு சிலையாக இருக்கிறான். தாய்மார் தங்கள் பிள்ளைகளை அவன் காலடியில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். ஒரு சின்னப் பெண் அவனைப் பார்த்து நாக்கை நீட்டினாள். நானும் தள்ளுவண்டியை அந்தப் பக்கம் திருப்பினேன். அம்மா வண்டிச் சில்லைக் காலால் தடுத்தார்.

“உவனுக்குக் கிட்டப் பிள்ளையைக் கொண்டுபோகாத.”

“சும்மா அழகுக்கு நிக்கிறவன் அம்மா.”

“ஆமிக்காரனில என்னடி அழகு?”

அந்த வெள்ளைக்காரத் தாய்மாரை அம்மா பார்த்த பார்வை எனக்கு மறக்கவில்லை. கிணற்றுக்கட்டில் பிள்ளையை இருத்திவிட்டுக் கதைத்துக்கொண்டு நிற்பவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது. இந்த மனுசியைக் கொண்டுவந்து சொர்க்கத்தைக் காட்டினாலும் வாசலில் காவல் நிற்கிற சென்றி எங்கே என்றுதான் தேடும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வண்டியைத் தள்ளினேன்.

பூங்காவுக்குப் போகும் வழியில் மழை தூறத் தொடங்கியது. குழந்தை பாலுக்குக் கத்தினாள். ஒரு பக்கத் தெருவில் பழைய தேவாலயம் ஒன்று திறந்திருந்தது. உள்ளே இருந்து பால் கொடுக்கலாம் என்று வண்டியை முன்னால் தூக்கிப் படியில் ஏற்றிக்கொண்டு விறுவிறென்று உள்ளே போனேன். அம்மா பின்னால் வந்தார். திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

உள்ளே இருட்டாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது. கடைசி வாங்குப் பலகையில் இருந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தேன். அம்மா மெல்ல நடந்துபோய், பிள்ளையைக் கையில் வைத்திருக்கிற மாதாவின் முன் கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவருக்கு எல்லாச் சாமியும் சாமிதான். தம்பிக்காக மடுக்கோயில் மாதாவுக்கும் நேர்த்தி வைத்தவர். அன்றைக்கு முழுவதிலும் அவர் முகத்தில் பயமில்லாமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். பார், கொஞ்சம் கொஞ்சமாகப் பழகுகிறார் என்று நான் நினைத்தேன்.

அப்போது கறுத்த அங்கி போட்ட ஒருவர் எங்களிடம் வந்தார். மிகவும் மரியாதையாக, காதுக்குள் சொல்வதுபோல, எல்லோரும் பின்கதவால் வெளியே போகவேண்டும், உடனே போகவேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். வாசலில் ஒரு பை கிடக்கிறது, ஆளைக் காணவில்லை, பொலிசுக்குச் சொல்லியாயிற்று என்றார்.

 குழந்தையை வண்டியில் போட்டுப் பட்டியைக் கொழுவ விரல் வரவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கதவால் ஓடினேன். “என்ன, என்ன,” என்று அம்மா கேட்கக் கேட்க, “பூட்டப் போறாங்கள்” என்று இன்னொரு பொய்யும் சொன்னேன். பின் ஒழுங்கை சுற்றி வளைந்து மறுபடி முன் தெருவுக்கே வந்தது. அங்கே பொலிஸ்காரர் குறுக்கே நாடா கட்டிச் சனத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைகளிலிருந்தும் ஆட்களை வெளியே எடுத்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. அந்த அமைதியே பெரிய பயமாக இருந்தது.

“என்ர செருப்பு,” என்றார் அம்மா.

குனிந்து பார்த்தேன். சொக்ஸ் நனைந்து கறுத்துப்போயிருந்தது. செருப்பில்லை.

“எங்கயம்மா விட்டனீங்கள்?”

“வாசலிலதான். கோயிலுக்குள்ள செருப்போட போறதே?”

“பை?”

“அதுக்குள்ள மீனெல்லோ இருக்கு. மீனைக் கொண்டு சாமிக்கு முன்னால போகேலுமே? செருப்புக்குப் பக்கத்தில வைச்சனான். அந்தா தெரியுது.”

தெரிந்தது. நாடாவுக்கு அந்தப் பக்கம், வெறுமையாகக் கிடந்த தெருவின் நடுப்பகுதியில், தேவாலயத்தின் படியோரம் என் நீலப் பை. பக்கத்தில் சோடியாக, ஒழுங்காக, இரண்டு செருப்பு. லண்டனின் ஒரு தெரு முழுவதும் எங்கள் மீன் கட்லட்டுக்குப் பயந்து ஒதுங்கி நின்றது.

இன்றைக்கு இதைச் சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பொலிஸ்காரனிடம் போய், அந்தப் பை எங்களுடையது என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் வேலை.  இத்தனை வருடம் படித்த ஆங்கிலம் எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றவனிடம் “எக்ஸ்கியூஸ் மீ” என்றேன், எனக்கே கேட்கவில்லை. அவன் என்னைப் பார்க்காமலே, பின்னால் போங்கள், தயவுசெய்து பின்னால், என்று கையால் தள்ளுவதுபோலக் காட்டினான். பிடித்துக்கொண்டு போவார்கள், விசாவைப் பறிப்பார்கள், குழந்தையை யார் பார்ப்பது என்று தலைக்குள் எல்லாம் ஒன்றாக ஓடியது. திரும்பினால் அம்மா பக்கத்தில் இல்லை.

நாடாவுக்குக் கீழால் போய்விட்டார். குனியவும் வேண்டியிருக்கவில்லை, அம்மா அவ்வளவு கட்டை. தன் செருப்பை எடுக்கத் தன்பாட்டில் நனைந்த சொக்ஸோடு நடந்துகொண்டிருந்தார்.

பொலிஸ்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அப்படி ஒரு கத்தலை நான் லண்டனில் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அம்மா நின்றார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினார். அப்படியே நின்றுவிட்டார், பையிலிருந்து இரண்டு எட்டு வைக்கிற தூரத்தில்.

வா, விலகு, ஓடு என்றுதான் அவர்கள் ஆங்கிலத்தில் கத்தினார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஓடியிருக்கமாட்டார். சீருடை போட்டவன் கத்தினால் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் எல்லோருக்கும் உடம்பில் ஊறியிருந்தது. நிற்கவேண்டும். வெறும் கையைக் காட்டவேண்டும். கண்ணைக்கூட ஆட்டக்கூடாது. ஓடினவர்களுக்குத்தான் முதுகில் சூடு விழும். அவர்கள் ஓடு, ஓடு என்று கத்தக் கத்த, அம்மா இன்னும் இறுக்கமாக நின்றார்.

அந்த நேரத்தில் என் புத்தியும் கெட்டுப்போயிற்று. நான் பொரித்த கட்லட் அது என்று எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை பேர் பயந்து நிற்கும்போது என் கட்லட்டிலேயே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நாங்கள் உள்ளே இருந்த நேரம் வேறு யாராவது அதற்குள் எதையாவது வைத்திருந்தால்? இப்போது வெடித்தால்? ஓடிப்போய் அம்மாவை இழுத்துக்கொண்டு வரலாம். கையில் தள்ளுவண்டி. குழந்தையை யாரிடம் விடுவது? நான் கத்தினேன்.

“அம்மா, ஓடி வாங்கோ. சுடமாட்டாங்கள். ஓடி வாங்கோ.”

அம்மாவுக்குக் கேட்டது. தலையை மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார். தள்ளுவண்டியைப் பார்த்தார். என் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரனைப் பார்த்தார். பிறகு, பஸ் தரிப்பில் நிற்கிற யாரோ ஒருத்தியிடமிருந்து பார்வையை எடுப்பதுபோல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஐயோ, எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன்.

கடைசியில் ஒரு இளம் பொலிஸ்காரன் தொப்பியைக் கழற்றி மற்றவனிடம் கொடுத்துவிட்டு நாடாவைத் தாண்டிப் போனான். ஓடவில்லை, நடந்துதான் போனான், இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு. அம்மாவின் முழங்கையை மெல்லப் பிடித்தான். அம்மா அவனோடு நடந்து வந்தார். கைகள் இன்னும் தலைக்கு மேலேதான்.

கொஞ்சம் வயதான அதிகாரி ஒருவர் அம்மாவைக் கேட்டார். தனியாகவா வந்தீர்கள்? அம்மா பேசாமல் நின்றார். நான் கத்தியதை அந்த அதிகாரி கேட்டிருக்கவேண்டும். என்னை விரலால் காட்டி, இவரைத் தெரியுமா என்று கேட்டார். அந்த விரலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

“நோ,” என்றார் அம்மா.

குழந்தை அம்மம்மாவைக் கண்டதும் சிரித்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டியது. அம்மா அதன் பக்கம் திரும்பவேயில்லை. வெளிறிப்போன முகத்தோடு அந்த அதிகாரியை நேராகப் பார்த்து, தலையையும் ஆட்டி, “நோ, நோ,” என்றார்.

எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது. ஓம், இவர் என்னுடைய அம்மா, அந்தப் பை எங்களுடையது, அதற்குள் மீன் இருக்கிறது, எங்கள் கோயிலுக்குள் மீனும் செருப்பும் கொண்டுபோகக் கூடாது, அவருக்குத் தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரே மூச்சில் அழுதுகொண்டு சொன்னேன். நான் ‘மை மதர்’ என்று சொன்னதும் அம்மாவின் கை இரண்டும் தாமாகவே கீழே விழுந்தன. நான் எதையோ போட்டு உடைத்துவிட்டதுபோல என்னைப் பார்த்தார்.

பையின் நிறத்தையும் அதற்குள் இருந்த சாமான்களையும் என்னிடம் கேட்டார்கள். பொலிஸ் நாய் ஒன்று போய் மூக்கால் மணந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. பிறகு ஒருவர் போய்த் திறந்து பார்த்தார். அதிகாரி என்னை ஏசினார், நன்றாகவே ஏசினார். இந்தக் காலத்தில் பையை விட்டுவிட்டுப் போகலாமா, தெரியாதா என்றார். தெரியும் என்றேன். நாடாவைச் சுற்றி எடுத்தார்கள். சனம் கடைகளுக்குள் திரும்பிப் போனது. அந்த இளம் பொலிஸ்காரன் ஒரு கையில் பையும் மறு கையில் அம்மாவின் செருப்பும் கொண்டுவந்து, செருப்பைக் குனிந்து அம்மாவின் காலடியில் சோடியாக வைத்தான். அம்மா ஒரு எட்டுப் பின்னால் போனார். அவன் போய் மறையும்வரை அதற்குள் கால் வைக்கவில்லை.

பூங்காவுக்குப் போனோம். வேறு எங்கே போவதென்று தெரியவில்லை. குளத்தோரத்தில் ஒரு ஈர வாங்கில் இருந்தோம்.  நீண்ட சொண்டோடு பெலிக்கன்கள் எங்களுக்கு முன்னால் உலாவின. படம் எடுக்க வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். நான் காட்ட ஆசைப்பட்ட லண்டன் அதுதான். அம்மா பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு குளத்தைப் பார்த்தபடி இருந்தார்.

எனக்குப் பயம் இறங்க இறங்கக் கோபம் ஏறியது.

“பெத்த பிள்ளையைத் தெரியாது எண்டு சொல்லுற தாய் உலகத்தில எங்கயும் இருக்கோ? என்னை விடுங்கோ, குழந்தை கையை நீட்டினது. அதைக்கூடப் பாக்கேல்லை.”

“நீ ஏன் ஓம் எண்டனி?” அம்மாவின் குரலும் கோபமாகத்தான் வந்தது. “நான் தெரியாது எண்டு சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே நிண்டனி. பிள்ளையைத் தள்ளிக்கொண்டு பேசாமல் போயிருக்க வேண்டியதுதானே. என்னைக் கொண்டுபோனா நான் போறன். உன்னையும் ஏன் சேர்த்துக் காட்டுறாய்?”

“இவங்கள் அப்பிடி இல்லை அம்மா.”

“அவங்களும் அப்பிடி இல்லை எண்டுதான் நானும் நினைச்சனான்.”

பிறகு, நான் இத்தனை வருடம் கேட்கப் பயந்திருந்ததை அவராகவே சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல், பெலிக்கன்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ஒழுங்கையில பெடியளை வரிசையா இருத்திப்போட்டாங்கள். இந்த வீட்டுப் பெடியன் ஆர் எண்டு கேட்டாங்கள். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. பக்கத்து வீட்டுக்காரரும் தெரியாது எண்டுட்டினம். நான் நினைச்சன், நான் தாயெல்லோ, நான் சொன்னா விட்டிடுவாங்கள் எண்டு. முன்னுக்குப் போய், இவன்தான், படிக்கிற பிள்ளை எண்டு தம்பியைத் தொட்டுக் காட்டினன். உன்ர மகனோ எண்டு திரும்பவும் கேட்டாங்கள். ஓம் எண்டன். அவங்களுக்கு ஆளைத் தெரியாதடி. நான் காட்டித்தான் தெரிஞ்சது.”

  கையைப் பிடிக்கப் போனேன், அம்மா கையை எடுத்துக்கொண்டார். பையைத் திறந்து டப்பாவை வெளியே எடுத்தார். ஒரு கட்லட்டை நடுவால் உடைத்துப் பார்த்திருந்தார்கள். அந்த உடைந்த கட்லட்டைக் கையில் எடுத்தார்.

“நீ ஓம் எண்டாய்,” என்றார். “அவன் செருப்பைக் கொண்டுவந்து காலடியில வைச்சிட்டுப் போறான். இவ்வளவுதானோ பிள்ளை? ஓம் எண்டு சொன்னா இவ்வளவுதானோ?”

சொல்லிவிட்டு அழுதார். லண்டன் வந்த நாளிலிருந்து அவர் அழுது நான் கண்டதில்லை. சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் அழுதார். குழந்தை பயந்துபோய் அவரையே பார்த்தது. நானும் அழுதேன். மழை விட்டுச் சனம் புல்லில் வந்து இருக்கத் தொடங்கியது. ஐஸ்கிறீம் வானின் மணிச் சத்தம் தெருப் பக்கமிருந்து கேட்டது.

அரண்மனைக்கு நாங்கள் போகவில்லை. அம்மா கடைசிவரை அதைப் பார்க்கவேயில்லை. ஈஸ்ட் ஹாமுக்குத் திரும்பும் ரயிலில் அவர் சொன்னது ஒன்றுதான்.

“நான்தானே காட்டினனான். அப்ப நான்தானே போய் அந்த வீட்டில நிக்கவேணும்.”

இங்கேயே இருங்கள் என்ற கதையை நான் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. சொலிசிட்டரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என் கணவருக்குக் காரணம் விளங்கவில்லை. இங்கே வந்த தாயை யாராவது அந்தச் சண்டைக்குள் திருப்பி அனுப்புவார்களா, உனக்கென்ன விசரா என்று ஏசினார். ஏசட்டும் என்று இருந்தேன். இரவில் படுத்தால் அம்மா தெரு நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுதான் வரும். அங்கே அனுப்பவும் பயம், இங்கே வைத்திருக்கவும் வழியில்லை.

விசா முடிகிற வாரம் ஹீத்ரோவுக்குப் போனோம். என் கணவர் காரை நிற்பாட்டப் போயிருந்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மாவோடு வரிசையில் நின்றேன். எங்கள் முறை வந்தது. கவுண்டரில் சீருடை போட்ட ஒரு பெண். பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் ஏதோ கேட்டாள். அம்மா பேசாமல் நின்றார். அவள் பேனாவால் என்னைக் காட்டி, இவர் உங்களோடு வந்தவரா என்றாள்.

 பதில் சொல்ல நான் வாய் திறக்கமுன், அம்மா என் கையைப் பிடித்தார். நகம் பதியப் பிடித்தார்.  பின்னால் நின்றவர்களும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு உரத்துச் சொன்னார்.

“யெஸ். மை டோட்டர்.”

சொல்லிவிட்டு, அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.